தூக்கக் குளிசைக்கு முறிப்பு ஊசி: டொக்டர் ஏன் யோசிக்கிறார்?

"கூடக் குளிசை குடிச்சவருக்கு முறிப்பு ஊசி இருக்காமே, ஏன் போடல்ல?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையானாலும் நம் தோட்டப்பக்கத்து ஆஸ்பத்திரியானாலும் காரணம் ஒன்றுதான்.

டயசிபாம் போன்ற குளிசையின் மயக்கத்தை ஃபுளுமசெனில் ஊசி முறிக்கும். ஆனால் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலினையும் சேர்த்துக் குடித்திருந்தால், அல்லது நாள்பட டயசிபாம் பாவிப்பவரென்றால், வலிப்பு வரலாம்; இதயத் துடிப்பும் குழம்பலாம். ஊசியின் பலம் சீக்கிரம் குறைவதால், முழித்தவர் திரும்ப மயங்கவும் கூடும். 2016இல் 13 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஊசி போடாதவரைவிடப் போட்டவருக்கே கடும் கோளாறுகள் கூடுதலாக இருந்தன. பெரும்பாலும் மூச்சைக் காத்துக் கவனித்தாலே போதும்.

நாம் செய்ய வேண்டியது: வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 1990 அம்புலன்ஸை அழையுங்கள். குளிசை மட்டை, போத்தல் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். வெட்கப்பட்டு எதையும் மறைக்க வேண்டாம். டொக்டர் எடுக்கும் முடிவு அதில்தான் இருக்கு.