பிரேக் பேட் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறதா? பேடை மாற்றினால் மட்டும் போதாது!

'முன் சக்கரத்தில் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்' என்று மெக்கானிக் சொன்னால், பலரும் பணத்தைக் கட்டிவிட்டு காரை எடுத்து வந்துவிடுகிறார்கள். முன்பக்கம் உள்ள நான்கு பேடுகளும் ஏறக்குறைய சமமாகத் தேய்ந்திருந்தால் அது சரி. ஒன்று மட்டும் தகடு வரை தேய்ந்திருந்தால், கோளாறு பேடில் இல்லை. வேறு எங்கோ இருக்கிறது.

நெய்வேலி போன்ற ஊர்களில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம், அனல்மின் நிலையங்கள், ஓயாத லாரிப் போக்குவரத்து என்று தூசிக்குக் குறைவில்லை. வடகிழக்குப் பருவமழையில் அதே தூசி சேறாகி சக்கரத்தில் அப்பிக்கொள்கிறது. டவுன்ஷிப் வேலைகளுக்கு டூவீலர், கடலூருக்கோ வடலூருக்கோ போக மட்டும் கார் என்று வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அப்படி நாள்கணக்கில் நிற்கும் காரில், ஈரமும் தூசியும் சேர்ந்த இடத்தில் துரு பிடிக்கும்.

எப்படி வேலை செய்கிறது?

பெரும்பாலான சிறிய கார்களில், பிரேக்கை மிதித்ததும் காலிப்பரில் உள்ள பிஸ்டன் உள்பக்கப் பேடை டிஸ்க்கின் மீது அழுத்தும். உடனே காலிப்பர் இரண்டு பின்களின் மேல் நகர்ந்து, வெளிப்பக்கப் பேடையும் இழுத்து அழுத்தும். பிஸ்டனோ பின்னோ ஜாம் ஆனால் தேய்மானம் ஏறுமாறாகிவிடும்.

தேய்மானம் சொல்லும் சேதி

* உள்பக்கப் பேட் மட்டும் தேய்ந்தால்: பிஸ்டன் பின்வாங்காமல் இருக்கலாம், பின்கள் நகராமலும் இருக்கலாம்.
* வெளிப்பக்கப் பேட் மட்டும் தேய்ந்தால்: பின்கள் இறுகி, காலிப்பர் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.
* ஒரே பேடில் ஒரு முனை மெலிந்து, மறுமுனை தடித்திருந்தால்: இரண்டு பின்களில் ஒன்று சிக்கியிருக்கலாம், பேடைச் சரியாகப் பொருத்தாமலும் இருக்கலாம்.
* ஒரு சக்கரத்தின் இரண்டு பேடுமே தேய்ந்து, எதிர்ச் சக்கரத்தில் நன்றாக இருந்தால்: அந்தப் பக்கத்து பிஸ்டன் அல்லது பிரேக் ஹோஸைச் சந்தேகிக்க வேண்டும்.

ஓட்டும்போதே தெரியும்

பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுப்பது, கருகிய வாடை, மைலேஜ் குறைவது, ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சூடாவது ஆகியவை அறிகுறிகள். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், கை வெந்துவிடும்.

மெக்கானிக்கிடம் கேளுங்கள்

கழற்றிய பேடுகளில் எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று குறித்துக் காட்டச் சொல்லுங்கள். இறுகிய சக்கரத்தைத் தூக்கி வைத்து, காலிப்பரின் பிளீடர் நட்டைத் திறக்கச் சொல்லுங்கள். உடனே சக்கரம் இலகுவாகச் சுற்றினால், ஹோஸில் அழுத்தம் தேங்கி நிற்கிறது என்று பொருள். அப்போதும் சுற்றாவிட்டால் பிஸ்டனையோ பின்னையோ பார்க்க வேண்டும்.

பின்களைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று உள்ள சிலிகான் கிரீஸ்தான் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிவிடும். கிழிந்த ரப்பர் உறையையும் மாற்றுங்கள். தூசி நுழையும் வழி அதுதான். பேட் 3 மி.மீ.க்கு வந்துவிட்டால், இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

காரணத்தைச் சரிசெய்யாமல் புதுப் பேடை மட்டும் போட்டால், அதுவும் சீக்கிரமே தேயும். அடுத்து டிஸ்க்கும் போகும். குடும்பத்தோடு போகும்போது, அவசரத்தில் மிதிக்கும் பிரேக் கைவிட்டுவிடக் கூடாது அல்லவா?