சாக மறுக்கும் செல்கள்... உடலே உடலைத் தாக்குவது ஏன்?

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கழுத்தில் நெறிகட்டும். காய்ச்சல் விட்டதும் சில நாள்களில் அது கரைந்துவிடும். எல்லா வீடுகளிலும் பார்த்த விஷயம்தான். ஆனால், அது கரைவதற்காக எண்ணற்ற செல்கள் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொள்கின்றன என்பது பலருக்குத் தெரியாது.

கிருமி நுழைந்ததும் வெள்ளை அணுக்கள் மளமளவெனப் பெருகும். சண்டை முடிந்ததும் அத்தனை வீரர்களுக்கும் வேலை இருக்காது. சிலவற்றைத் தவிர மற்றவை சத்தமில்லாமல் மடிந்துவிடும். இதற்கு 'அப்போப்டோசிஸ்' என்று 1972-ல் பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில், மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் சொல் அது.

உதிர மறுத்தால்?

செல்லின் மேற்பரப்பில் 'ஃபாஸ்' என்றொரு புரதம் இருக்கிறது. 'உன் வேலை முடிந்தது' என்ற உத்தரவை வாங்கும் அழைப்பு மணி அது. இந்தப் புரதத்துக்கான மரபணுவில் பிழை இருந்தால் மணி ஒலிக்காது, செல்லும் சாகாது. முதலில் இதை எலிகளில் 1992-ல் கண்டுபிடித்தது ஜப்பானின் ஷிகெகாசு நாகாட்டா குழு. 1995-ல் அமெரிக்க, பிரெஞ்சு ஆய்வாளர்கள் குழந்தைகளிடமும் இதே பிழையைக் கண்டார்கள். இந்த அரிய நோயின் பெயர் 'ஏ.எல்.பி.எஸ்'.

இந்தக் குழந்தைகளுக்கு நெறிக்கட்டி மாதக்கணக்கில் கரையாது. மண்ணீரல் வீங்கும். மிஞ்சிய செல்களில் சில சொந்த ரத்த அணுக்களையே எதிரியாக நினைத்துத் தாக்கும். சிவப்பணுக்கள் அழிந்தால் ரத்தசோகை. தட்டணுக்கள் குறைந்தால் ரத்தக்கசிவு. பார்த்தால் புற்றுநோய் போலவே தெரிவதால் பெற்றோர் பதறிப்போவார்கள். நிணநீர்ப் புற்றுநோய் வரும் அபாயமும் இவர்களுக்கு அதிகம் என்பதால் தொடர் கண்காணிப்பு தேவை. ரத்தப் பரிசோதனையும் மரபணுப் பரிசோதனையும் நோயை உறுதிசெய்யும். ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த பாக்டீரியாவிலிருந்து உருவான 'சிரோலிமஸ்' மருந்து பலருக்கு நல்ல பலன் தருகிறது.

லூபஸ் நோயில் சிக்கல் வேறு. அங்கே செல்கள் இறக்கின்றன; ஆனால், குப்பையை அள்ளும் வேலை சரியாக நடப்பதில்லை. சிதறிக் கிடக்கும் டி.என்.ஏ-வை எதிரியாக நினைத்து உடல் தாக்கத் தொடங்குகிறது.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

குழந்தைகளுக்கு வரும் நெறிக்கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணத் தொற்றால் வருபவையே. சில வாரங்களாகியும் கரையாவிட்டால், கல் போல இறுகினால், கூடவே உடல் வெளுப்பு, காரணமில்லாத ரத்தக்கட்டு, எடைக் குறைவு இருந்தால் தாமதிக்க வேண்டாம். நெறிக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காமல், குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.