பீலி நீர் எங்கே பெய்த மழை?

கண்டியிலிருந்து நுவரெலியா செல்வோருள் இறம்பொடையில் வண்டியை நிறுத்தாதார் சிலரே. 109 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் அருவியைக் கண்டு களித்து அவர்கள் அப்பாற் சென்றுவிடுகின்றனர். அங்குள்ள தோட்டங்களில் வாழ்வோருக்கோ அருவியினும் பெரிது லயத்தருகே ஒழுகும் பீலி. குடிப்பதும் சமைப்பதும் அந்நீராலேயே. அந்நீர் மலையின் எவ்விடத்திற் பெய்த மழை? இது பொழுதுபோக்கிற்காக எழுந்த வினா அன்று. மேலேயுள்ள காடு அழிந்தாலும், மரக்கறித் தோட்டத்து உரமும் மருந்தும் நிலத்தில் ஊறினாலும், கெடப்போவது எந்தப் பீலி என்று அறியாமல் அதைக் காப்பது எங்ஙனம்?

விடையை நீரே தன்னுள் வைத்திருக்கின்றது. நீரிலுள்ள ஐதரசன் அணுக்கள் யாவும் ஒரே பாரமுடையன அல்ல. கடல்நீரில் பத்து இலட்சம் ஐதரசன் அணுக்களுள் ஏறக்குறைய 156 அணுக்கள் மற்றவற்றைப்போல் இருமடங்கு பாரமானவை. டியூற்றீரியம் எனப்படும் இச்சமதானியை அமெரிக்க அறிஞர் ஹரல்ட் யூரி 1931ஆம் ஆண்டின் இறுதியிற் கண்டறிந்தார். 1934இல் நோபல் பரிசும் பெற்றார்.

முகில் மலைச்சரிவில் ஏறிக் குளிரும்போது பார அணுவைக் கொண்ட நீரே முந்திக்கொண்டு மழையாகின்றது. எஞ்சிய ஆவியில் பார அணுக்கள் குறைகின்றன. ஆகவே கொத்மலைப் பள்ளத்தாக்கில் பெய்யும் மழையினும் நுவரெலியா உச்சிகளிற் பெய்யும் மழையில் டியூற்றீரியம் குறைந்திருத்தல் இயல்பு. ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் இக்குறைவு ஆயிரத்துக்கு ஒன்று முதல் நான்கு பங்கு வரை என்பது பல நாடுகளிற் கண்ட அளவு.

இத்துணை நுண்ணிய வேறுபாட்டை அளப்பது திணிவு நிறமாலைமானி. இக்கருவியின் முன்னோடியை ஆங்கில அறிஞர் அஸ்ரன் 1919இல் அமைத்தார். நீரைச் சூடாக்கிய நாகத்துடனோ குரோமியத்துடனோ தாக்கமுறச் செய்து ஐதரசன் வாயுவைப் பிரிப்பர். காற்று நீக்கிய கூட்டினுள் அவ்வாயுவின் மூலக்கூறுகளுக்கு மின்னேற்றி, காந்தத்தினூடே ஓடவிடுவர். இலேசானவை மிகுதியாகவும் பாரமானவை குறைவாகவும் வளைந்து, வெவ்வேறு கிண்ணங்களிற் போய் விழும். சாதாரண மூலக்கூறின் திணிவு 2. ஒரு பார அணு சேர்ந்ததன் திணிவு 3. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. மூன்று சாதாரண அணுக்கள் ஒன்றுகூடி, தாமும் திணிவு 3 என்று வேடமிட்டு வருவதுண்டு! அவ்வேடதாரிகளைக் கணக்கிட்டுக் கழித்த பின்னரே அளவு மெய்யாகும். பின்னர் தராதர நீரோடு ஒப்பிட்டு, ஆயிரத்துக்கு எத்தனை பங்கு குறைவு என்று குறிப்பர். இந்நாளில் லேசர் ஒளியைக் கொண்டு அளக்கும் கருவிகளும் பரவிவிட்டன.

கருவி எத்துணைச் சிறந்ததாயினும் போத்தல் பிழைத்தால் எல்லாம் பிழை. அரைகுறையாக நிரப்பி, மூடியை இறுக்காது விட்ட போத்தலில் இலேசான நீர் ஆவியாகிப் போய்விடும். மலையுச்சி நீரும் அடிவாரத்து நீராகத் தோன்றும். ஆதலின் விளிம்புவரை நிரப்பி இறுக மூடுதல் வேண்டும். மழைநீரைச் சேர்க்கும் கலத்திலோ பரஃபின் எண்ணெயை மெல்லிய படலமாக மிதக்க விடுவர்.

ஒரு நாளின் நீரை வைத்துத் தீர்ப்புக் கூறலாகாது. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகீழ்ப் பருவக்காற்றும் வெவ்வேறு கடல்களின் ஆவியைச் சுமந்து வருவன. இலங்கை அணுசக்தி சபையின் ஆய்வாளர்கள் தீவின் பல பாகங்களில் மழைநீரைச் சேர்த்து அதன் சமதானிகளை அளந்துள்ளனர். உலகளவில் இப்பணி 1961 முதல் நடைபெறுகின்றது.

இறம்பொடையின் பீலி ஒன்றை இவ்வாறு ஆராய விரும்புவோர், அதற்கு மேலுள்ள சரிவில் மூன்று நான்கு மட்டங்களில் மழைக்கலம் வைத்து, மாதந்தோறும் ஓராண்டு நீர் சேர்த்தல் வேண்டும். பீலி நீரின் அளவு எம்மட்டத்து மழையோடு ஒத்துவருகின்றதோ, அம்மட்டத்துச் சரிவே அப்பீலியின் தாய்நிலம். அது லயத்துக்கு நேர்மேலே உள்ள மலையாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. பாறை வெடிப்புகளின் வழியே அடுத்த தோட்டத்து உச்சியிலிருந்தும் நீர் வரலாம்.