பொருத்தம் பார்க்கும் கணக்கு

கொடிகாமம் சந்தைக்குள் ஒரு காலைப் பொழுதிலே நுழைந்து பார்த்தால், பொருத்தி வைத்தல் என்னும் பெருங்காரியம் எத்தனை எளிதாக நடந்தேறுகிறது என்பது புலப்படும். தென்மராட்சி வளவுகளிலிருந்து வந்த மாம்பழமும் பலாப்பழமும் தேங்காயும் குவிந்து கிடக்கும். விற்பவர் ஒரு விலை சொல்வார். வாங்குபவர் ஒரு விலை கேட்பார். இரண்டும் சந்திக்கும் இடத்திலே பண்டம் கைமாறும். விலை என்னும் தரகன் வேலையை முடித்துவிடுகிறான். ஆனால் விலை பேசலாகாத காரியங்களும் உலகில் உள. பல்கலைக்கழகத்து இடம் அவற்றுள் ஒன்று, திருமணம் மற்றொன்று. திருமணத்திலும் சீதனம் என்று நாம் விலை பேசியே வருகிறோம் என்பது வெட்கத்துக்குரிய வேறு கதை.

அந்தச் சந்தையிலிருந்து நான் வீடு திரும்பிய ஒரு நாள், என் தங்கையின் மகள் பல்கலைக்கழக விண்ணப்பக் கையேட்டுடன் காத்திருந்தாள்.

“மொறட்டுவையிலே பொறியியல் படிக்க எனக்கு ஆசை, மாமா. ஆனால் என் புள்ளி கரையிலே நிற்கிறது. கிளிநொச்சியை முதலாவதாகப் போடு, இல்லாவிட்டால் இரண்டும் போய்விடும் என்று அப்பா சொல்கிறார். என்ன செய்ய?”

எனக்குச் சுருக்கென்றது. பல ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியுடன் வந்த வேறொரு பிள்ளைக்கு, “கிடைக்கக்கூடியதை முதலில் எழுது” என்று புத்தி சொன்னவன் நான். அவனும் எழுதினான், அதுவே கிடைத்தது. பின்னர் வெட்டுப்புள்ளிகள் வெளிவந்தபோது, அவன் உண்மையில் விரும்பிய இடத்துக்கும் அவனுடைய புள்ளி போதுமாயிருந்தமை தெரிந்தது. அவன் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாயிற்று. அன்று நான் அறியாதிருந்த கணக்கைத்தான் இங்கே சொல்லப் புகுந்தேன்.

1962 ஆம் ஆண்டு டேவிட் கேல், லொயிட் ஷாப்லி என்னும் இரு கணித அறிஞர்கள் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரையை அமெரிக்காவில் வெளியிட்டனர். கல்லூரி அனுமதியும் திருமணமும் அதன் பொருள். அவர்கள் கூறிய முறையை நம் ஊர் வழக்கில் சொல்வோம். இருபது பெண் வீட்டாரும் இருபது மாப்பிள்ளை வீட்டாரும் உளர் என்க. ஒவ்வொருவரும் மறுபுறத்து இருபது பேரையும் தம் விருப்பப்படி வரிசைப்படுத்தி வைத்திருக்கின்றனர். பெண் வீட்டார் ஒவ்வொருவரும் தம் முதல் விருப்பத்தைக் கேட்டுச் செல்வர். மாப்பிள்ளை வீட்டார் வந்தவற்றுள் தமக்கு மிகப் பிடித்ததை மட்டும் நிறுத்தி வைத்து, ஏனையவற்றை மறுப்பர். நிறுத்தி வைப்பரேயன்றி வாக்குக் கொடார். மறுக்கப்பட்டவர் அடுத்த விருப்பத்திடம் செல்வர். முன்னதிலும் மேலான சம்பந்தம் வந்தால், நிறுத்தி வைத்தது கைவிடப்படும். இனி மறுக்கப்படுவார் ஒருவருமில்லை என்றானதும் எல்லாம் உறுதியாகும்.

இருபது சோடிகளைச் சேர்க்கக்கூடிய வகைகள் பத்தொன்பது இலக்கம் கொண்ட ஓர் எண். ஒவ்வொன்றாகச் சோதிக்க மனித ஆயுள் போதாது. இம்முறையிலோ ஒருவர் ஒரே வாசலை இருமுறை தட்டுவதில்லை. ஆதலால் 400 கேள்விகளுக்குள் எல்லாம் முடிந்துவிடும். முடிவும் உறுதியானது. “எனக்கு வாய்த்தவரிலும் அவர் மேல்” என்று ஒரு பெண் எண்ணினால், அவரை அவள் முன்னரே கேட்டிருப்பாள். அவரும் அவளிலும் மேலாகத் தாம் கருதிய ஒருத்திக்காக மறுத்திருப்பார். ஆகவே இருவர் சேர்ந்து உடைத்துக்கொண்டு ஓட இடமில்லை.

இதில் மற்றோர் உண்மையும் உண்டு. இம்முறை கேட்கும் பக்கத்தாருக்கே அனுகூலமானது. உறுதியான பொருத்தங்களுள் அவர்களுக்கு ஆகச் சிறந்தது கிடைக்கும். தம் விருப்பத்தை மாற்றிச் சொல்லி அவர்கள் அடையும் இலாபம் எதுவுமில்லை.

என் மைத்துனரின் அச்சம் மூடத்தனமன்று. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்துப் பள்ளிகளில், முதல் விருப்பமாக எழுதியவருக்கே முன்னுரிமை என்ற விதி ஒருகாலத்தில் இருந்தது. அங்கே எட்டாததை முதலில் எழுதியவர் எட்டுவதையும் இழக்க நேர்ந்தது. 2005 ஆம் ஆண்டிலே அந்நகரம் அதனைக் கைவிட்டு, கேல், ஷாப்லி வழியை ஏற்றது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களும் 2015 முதல் இவ்வழியிலேயே இடங்களைச் சேர்ந்து பகிர்கின்றன. ஷாப்லிக்கும், இக்கணக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்த அல்வின் ரோத்துக்கும் 2012 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. கேல் 2008 இலேயே மறைந்துவிட்டார்.

நம் நாட்டிலோ 2001 முதல் இசட் புள்ளியே நடுவர். திறமை வரிசை, மாவட்ட ஒதுக்கீடு என இடங்கள் பிரிந்திருந்தாலும், அந்தந்தப் பிரிவினுள்ளே புள்ளி கூடியவரே முந்துகிறார். அவர் அப்பாடநெறியை எத்தனையாவதாக எழுதினார் என்பது போட்டியில் எண்ணப்படுவதில்லை. மொறட்டுவை மறுத்தால், கிளிநொச்சியின் வாசலில் அவள் அதே புள்ளியுடன்தான் நிற்பாள், பின்தள்ளப்படமாட்டாள்.

எல்லாப் பொருத்தமும் இவ்வாறு எளிதன்று. கணவனும் மனைவியும் ஒரே ஊரில் வேலை கேட்டால் உறுதியான பொருத்தமே இல்லாமற் போகலாம். உண்டா இல்லையா என்று அறிவதுகூட, எல்லா வேளையிலும் விரைந்து தீர்க்கும் வழி இன்றுவரை காணப்படாத கடுங்கணக்கு வகையைச் சேர்ந்தது என 1990 இல் நிறுவப்பட்டது. இடமாற்றத்துக்கு அலையும் ஆசிரியத் தம்பதிகளுக்கு இது புதுச் செய்தியாயிராது.

இவ்வளவும் கேட்டபின் அவள், “அப்போ ஆசைப்பட்டதையே முதலில் எழுதலாமா, மாமா?” என்றாள்.

“எழுது பிள்ளை. அப்பாவிடம் நான் பேசுகிறேன்.”

மொறட்டுவை முதலிலும் கிளிநொச்சி அதன் கீழும் ஏறின. முடிவு இன்னும் வரவில்லை. எது வந்தாலும், கேளாமல் இழந்தோம் என்ற சொல் இம்முறை எங்கள் வீட்டில் எழாது.