பெயர் இருக்கிறது, அணி இல்லை

சியாட்டில் நகரத்தாரின் கோபம் இன்னும் ஆறவில்லை. அக்கோபத்தில் எனக்கும் பங்குண்டு. 1967 இல் தோன்றி, 1979 இல் வாகை சூடிய எங்கள் 'சூப்பர்சோனிக்ஸ்' கூடைப்பந்தாட்ட அணி, 41 பருவங்கள் ஆடியபின் 2008 இல் ஒக்லஹோமா நகருக்குப் பெயர்ந்தது. தோற்றுக் கலைந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். விலைபேசப்பட்டல்லவா போயிற்று!

2006 இல் 35 கோடி டொலருக்குக் கைமாறியது அணி. புதிய அரங்கிற்குப் பொதுப்பணம் கிட்டவில்லை என்பதே பிரிவுக்குச் சொல்லப்பட்ட காரணம். பழைய அரங்கின் குத்தகையோ 2010 வரை இருந்தது. நகரம் வழக்காடியது, தீர்ப்பு வரவிருந்த அன்றே 4½ கோடி டொலருக்கு இணங்கிற்று. நாற்பதாண்டு அன்பிற்கு யார் இட்ட விலையோ அது!

பெயரும், பச்சை பொன் நிறங்களும் எங்களுக்கென விடப்பட்டன. பிள்ளையைக் கொண்டுசென்றவர் அதன் சட்டையைத் தந்துபோனது போல. மகளிர் அணியாகிய 'ஸ்டோர்ம்' மட்டும், உள்ளூர்ப் பெண்மணிகள் நால்வர் வாங்கியமையால் எங்களிடம் தங்கிற்று. அவர்களுக்கு என் வணக்கம்.

2025 இல் ஒக்லஹோமா அணி வாகை சூடியது. அவ்வூரார் எனக்குச் செய்த தீங்கு ஏதுமில்லை. ஆயினும், அவர்கள் கிண்ணத்தை உயர்த்துமுன்பே தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன்.