சட்டம் கடை வாசல் வரைதான் வரும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நமது நாட்டுத் தமிழர்கள் பெருந்தொகையாக வாழ்வதை வாசகர்கள் அறிவீர்கள். வீட்டுப் புல்வெளியை அழகாக வைத்திருப்பதற்காகப் பீடைகொல்லி தெளிப்பது அங்கு 2009 ஏப்ரல் 22 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. இதற்கு வழிகாட்டியது கியூபெக்கிலுள்ள ஹட்சன் என்ற சிற்றூராகும். 1991 இல் அவ்வூர்ச் சபை இத்தகைய விதியொன்றைக் கொண்டுவந்தது. மருந்து தெளிக்கும் கம்பனிகள் வழக்குத் தொடர்ந்தன. 2001 இல் கனடிய உயர் நீதிமன்றம் ஊர்ச் சபைக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது.

நமது சப்ரகமுவையில் அழகுக்குப் புல்வெளி வளர்ப்பவர் எத்தனை பேர் என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் இங்கு வீடும் தோட்டமும் வேறுவேறல்ல. லயன் காம்பராவின் பின்சுவரோடு தேயிலை தொடங்கிவிடுகிறது. சிறு தோட்டக்காரருக்கோ வாசற்படியை விட்டு இறங்கினால் தேயிலைச் செடிதான். ஒரே காம்பராவில் குடும்பமே தங்கும்போது, மருந்துப் போத்தலை வைக்கக் கட்டிலுக்கு அடியைத் தவிர வேறு இடமேது?

நமது நாட்டில் இதற்கான சட்டம் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டமாகும். விவசாயத் திணைக்களத்தின் கீழுள்ள பீடைகொல்லிப் பதிவாளர் பதிவு செய்யாத எதையும் இறக்குமதி செய்யவோ விற்கவோ முடியாது. வீட்டில் கொளுத்தும் நுளம்புச் சுருளுக்கும் இது பொருந்தும். விவசாய மருந்து விற்கும் கடைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். லேபல் ஒட்டிய, மூடிய கொள்கலனிலேயே விற்கவும் வேண்டும்.

இச்சட்டத்தின் பலன் சிறிதல்ல. 1995 இல் மொனோகுரோட்டபொஸ், மெத்தாமிடொபொஸ் ஆகியன நிறுத்தப்பட்டன. 1998 இல் எண்டோசல்பான் தடை செய்யப்பட்டது. 2008 முதல் 2011 வரை டைமெத்தொயேட், பென்தியன், பராகுவாட் ஆகியன படிப்படியாக விலக்கப்பட்டன. 1995 இல் நாட்டில் 100,000 பேருக்கு 47 பேரளவில் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். 2005 அளவில் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1995 முதல் 2015 வரையான 20 வருடங்களில் சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். கோபம் தணியும் வரை கைக்கெட்டும் தூரத்தில் கொடிய நஞ்சு இல்லாமற் போனதே இதற்குப் பெரும் காரணமாகும்.

வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய விடயம் இன்னொன்றும் உண்டு. அத்தடைகளால் நெல் விளைச்சல் வீழ்ச்சியடையவில்லை. மாற்று மருந்துகள் வந்தன, கடைகளும் நடந்தன. ஆனால் 2015 இல் கிளைபொசேட் திடீரென்று நிறுத்தப்பட்டபோது நிலைமை வேறு. களை பிடுங்க ஆளின்றித் தோட்டங்கள் திண்டாடின. எங்கிருந்தோ களவாக வந்த போத்தல்கள் கைமாறின. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அனுமதி கிடைத்தது. 2022 இல் தடை நீக்கப்பட்டது. லேபல் இல்லாத போத்தலை வாங்கும் பழக்கத்துக்கு அந்த வருடங்கள் தீனி போட்டன.

சட்டம் துறைமுகத்தில் நிற்கும், களஞ்சியத்தில் நிற்கும், கடை வாசல் வரையும் வரும். கட்டிலுக்கு அடியில் எட்டிப்பார்க்க அதனால் முடியாது. அங்கு எது போய்ச் சேர்கிறது என்பது நமது கையில்தான் இருக்கிறது.

என் கடையில் பலசரக்கும் ஹாட்வெயாரும் உண்டு. "முதலாளி, முழுப் போத்தல் வாங்கக் காசு பத்தாது. இந்தச் சோடாப் போத்தல்ல கொஞ்சம் ஊத்தித் தாங்க" என்று கேட்டு வருவோர் இன்றும் இருக்கிறார்கள். நான் கொடுப்பதில்லை. பல வருடம் கணக்குக் கொப்பி வைத்திருந்த ஒருவர் இதனால் வேறு கடைக்குப் போனார். அவருடைய அரிசி, மா, சீனிக் கணக்கும் கூடவே போய்விட்டது. நட்டம்தான். ஆனால் சோடாப் போத்தலைக் கண்டால் பிள்ளைக்குச் சோடாதான் நினைவுக்கு வரும். அதில் எழுத்து இல்லை, எச்சரிக்கை இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் என்ன மருந்தென்று டாக்டருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

ஏழைத் தொழிலாளியின் காசு முடை பொய்யல்ல. அதற்கு வழி, கம்பனி அடைத்த சிறிய பொதிகளைக் கேட்டு வாங்கி வைப்பது. தேவையானால் அதைக் கடனுக்குக் கொடுப்பது. மருந்தை அரிசி, மாவுக்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள். சிறுவர்களிடம் கொடுத்தனுப்பாதீர்கள். பூட்டுப் போட்ட பெட்டியில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைக்கும்படி சொல்லிக் கொடுங்கள். வெற்றுப் போத்தலைத் துளையிட்டு எறியச் சொல்லுங்கள். தண்ணீர் எடுக்க அது மீண்டும் வீட்டுக்குள் வரக்கூடாது.

ஒரு கடை மறுத்து, எதிர்க்கடை ஊற்றிக் கொடுத்தால் பயனில்லை. காவத்தையிலும், பலாங்கொடையிலும், தெரணியகலையிலும், யட்டியாந்தோட்டையிலும் நம்மவர் கடைகள் இருக்கின்றன. அந்தந்த பஸார் வர்த்தகர் சங்கங்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசி, சில்லறையாக மருந்து ஊற்றிக் கொடுப்பதில்லை என்று ஒரே தீர்மானம் எடுக்கலாம். ஹட்சனும் சிற்றூர்தான்.