பனிக்கட்டி உழுது போடும் சேறு

ஓதம் ஏறும்போது மூழ்கி, வற்றும்போது வெளியே தலைகாட்டும் நிலம் உலகில் எவ்வளவு இருக்கிறது? 2019இல் ‘நேச்சர்’ இதழில் இதற்கு ஒரு விடை வந்தது. நிக்கோலஸ் மரே தலைமையிலான குழு, லாண்ட்சாட் செயற்கைக்கோள்கள் எடுத்த ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைக் கணினியில் ஏற்றி அலசியது. கிடைத்த பரப்பு, குறைந்தபட்சம் 1,27,921 சதுர கிலோமீட்டர். போதிய படங்கள் இருந்த பகுதிகளில், 1984க்கும் 2016க்கும் இடையே அதில் ஏறத்தாழ 16 சதவீதம் காணாமல் போயிருந்தது.

அந்த வரைபடம் வடக்கே 60 பாகை அட்சரேகையோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் உள்ள கரைகளில் பல, ஆண்டில் பாதிக்கு மேல் பனிக்கட்டிக்கு அடியில் கிடப்பவை. தண்ணீர் எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்பதை மேலிருந்து பார்த்துச் சொல்வது அங்கே எளிதல்ல. ஆனால் சேற்றுவெளிகளின் விசித்திரமான கதைகள் பலவும் அந்தக் கோட்டுக்கு இருபுறமும் உள்ள குளிர்ந்த கரைகளில்தான் நடக்கின்றன.

முதலில் சேறு எப்படிச் சேர்கிறது என்று பார்த்துவிடலாம். ஆறோ பனியாறோ கொண்டுவந்து கொட்டும் வண்டல் வேண்டும். அலையின் முழு வேகம் எட்டாத வளைகுடாவும், சரிவு குறைந்த கரையும் வேண்டும். கலங்கலாக ஏறிவரும் நீர், உச்சத்தைத் தொட்டதும் சிறிது நேரம் அசையாமல் நிற்கிறது. வண்டல் படிவது அப்போதுதான். களிமண் துகள் தனித்து இருந்தால் எளிதில் கீழே இறங்காது. உப்புநீரில் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடுவதால் இறங்குகிறது. ஒருமுறை படிந்ததை மறுபடி கிளப்ப, படியும்போது இருந்ததைவிட வேகமான நீரோட்டம் தேவை. ஆகவே ஒவ்வொரு முறையும் கடல் கொண்டுவந்ததில் கொஞ்சத்தை விட்டுவிட்டுத்தான் திரும்புகிறது. படிவதற்கும் மறுபடி கிளம்புவதற்கும் இடையிலான இந்தச் சின்ன வேறுபாட்டின் விளைவை 1950களில் வாடன் கடலில் ஆராய்ந்து விளக்கியவர்கள் வான் ஸ்ட்ராட்டன், கூனன், போஸ்ட்மா ஆகிய நெதர்லாந்து அறிஞர்கள். இதற்கு மேல், டயட்டம் என்னும் நுண்பாசிகள் சுரக்கும் பிசுபிசுப்பு சேற்றின் மேற்பரப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. நீரோட்டம் வலுவாக உள்ள தாழ்பகுதியில் மணல், கரையை நெருங்க நெருங்கச் சேறு, அதற்கும் மேலே உவர்ப்புல். மிதவெப்பக் கடற்கரைகளில் கதை பெரும்பாலும் இவ்வளவுதான்.

குளிர்ந்த கடற்கரையில் இன்னொரு ஆள் நுழைகிறார். குளிர்காலத்தில் நீர் வற்றும்போது மிதந்துகொண்டிருந்த பனிக்கட்டி சேற்றின் மேல் உட்கார்ந்துவிடும். உறைய வைக்கும் காற்றில் அதன் அடிப்பாகம் சேற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஆறு மணி நேரத்தில் ஓதம் மறுபடி ஏறும். கட்டி மிதக்கும்போது ஒரு பட்டை சேற்றையும் பெயர்த்துக்கொண்டு எழும். அடுத்த வற்றத்தில் இன்னொரு பட்டை. இப்படிப் பனியும் சேறுமாக அடுக்கடுக்காய்த் தடித்த கட்டிகள், வசந்தம் வந்ததும் உடைந்து எங்கெங்கோ மிதந்து போய், உருகும் இடத்தில் சுமையை இறக்கிவைக்கின்றன. சேறு மட்டுமல்ல, பாறைகளும் இப்படிப் பயணம் போகும்.

பாறைகளின் பயணத்தைப் பார்க்க வேண்டுமானால் கனடாவின் நுனாவுட் பிரதேசத் தலைநகரான இக்காலூயிட்டுக்குப் போக வேண்டும். ஃபிரோபிஷர் வளைகுடாவின் தலைப்பகுதியில், 60 பாகைக் கோட்டுக்கு வடக்கே இருக்கிறது அந்த ஊர். பெரிய ஓதங்களின்போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு ஏறக்குறைய 11 மீட்டர். நீர் வற்றியதும் நூற்றுக்கணக்கான மீட்டர் அகலத்துக்குச் சேறும் மணலும் விரிகின்றன, அவற்றின் மேல் யாரோ வாரி இறைத்தது போலப் பாறைகள். பனியுகத்துப் பனியாறுகள் விட்டுப்போனவற்றை இன்றைய கடற்பனி இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. சில பாறைகளுக்குப் பின்னால், அவை இழுபட்டு வந்த தடம்கூடத் தெரியும். இனுயிட் மக்களுக்கு இது ஆராய்ச்சிப் பொருளல்ல. வற்றம் பார்த்து இறங்கி மட்டி தோண்டும் இடம்.

தெற்கே செயின்ட் லாரன்ஸ் முகத்துவாரத்தில் இந்தப் பனிக்கட்டி வேலையைப் பல பத்தாண்டுகள் சலிக்காமல் பின்தொடர்ந்தவர் கியூபெக் புவியியலாளர் ஜான்-குளோட் தியோன். உவர்ப்புல் திடலிலிருந்து வேரும் மண்ணுமாகப் பெரிய பாளங்கள் பெயர்க்கப்பட்டு வேறிடத்தில் வீசப்படுவதையும், பெயர்ந்த இடத்தில் ஆழமற்ற குழிகள் உருவாவதையும் அவர் பதிவு செய்தார். இது வெறும் நாசவேலை என்று தோன்றலாம். ஆனால் அதே பனிதான், கரையோடு ஒட்டி உறைந்து நிற்கும் மாதங்களில் குளிர்காலப் புயலலைகள் சேற்றைத் தொடாமல் காக்கிறது. அது காக்கும் அளவு அதிகமா, அழிக்கும் அளவு அதிகமா என்பது இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

ஹட்சன் வளைகுடாவிலும் அதன் தென்முனையான ஜேம்ஸ் வளைகுடாவிலும் வேறொரு வேடிக்கை. அங்கே நிலமே எழுந்துகொண்டிருக்கிறது. கிலோமீட்டர் கணக்கில் தடித்த லாரண்டைட் பனிக்கவசம் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து உருகி விலகியது. அந்தப் பாரத்தில் அமுங்கிய பூமி இன்னும் நிமிர்ந்து முடிக்கவில்லை. ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயர்கிறது. ஒரு சென்டிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. கிலோமீட்டருக்கு அரை மீட்டர் மட்டுமே சரிகிற கரையில், நிலம் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால் கடல் 20 மீட்டர் பின்வாங்க வேண்டும். அதனால் இன்றைய சேற்றுவெளி நாளை புல்திடலாகிறது, பிறகு சதுப்பாகிறது. அதன் கடல்பக்கத்தில் புதுச் சேற்றுவெளி பிறக்கிறது. உள்நாட்டில் வெகுதூரம் வரை வரிசை வரிசையாகக் கிடக்கும் மணல்மேடுகள் எல்லாம் ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தவை.

அலாஸ்காவில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கரேஜ் நகருக்குத் தெற்கே டர்னகன் என்னும் நீண்ட கடற்கை ஒன்று மலைகளுக்கு நடுவே நுழைகிறது. பனியாறுகள் பாறையை அரைத்துத் தள்ளும் சாம்பல் நிறத் தூள்தான் அங்கே சேறு. மிதித்தால் இறுகி, காலை அசைத்தால் இளகி, மறுபடி இறுகிக் கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் இந்தச் சேற்றில், ஓதம் திரும்புவதற்குள் வெளியேற முடியாமல் இறந்தவர்கள் உண்டு. 1964 மார்ச் 27 அன்று 9.2 அளவு நிலநடுக்கம் வந்தது. கடற்கையின் தலைப்பகுதியில் இருந்த போர்ட்டேஜ் என்ற சிற்றூர் சில நிமிடங்களில் இரண்டு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. ஊரைக் கடல்நீர் எட்டியது, மக்கள் வெளியேறினார்கள், உப்பு ஏறிய ஸ்புரூஸ் மரங்கள் நின்றபடியே செத்தன. பிறகு நடந்ததுதான் வியப்பு. ஓதம் ஒவ்வொன்றும் தூளைச் சுமந்துவந்து பள்ளத்தில் கொட்டியதில், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரு மீட்டருக்கும் மேலான சேறு படிந்து, நிலம் பழைய மட்டத்தை நோக்கி ஏறிவிட்டது. அக்கம்பக்கத்தில் துளையிட்டுப் பார்த்தபோது, மட்கிய தாவர அடுக்கின் மேல் சேறு, சேற்றின் மேல் மீண்டும் தாவர அடுக்கு என்று இந்த நாடகம் முன்பும் பலமுறை அரங்கேறிய சாட்சி கிடைத்தது.

மனிதர்கள் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் ஃபண்டி வளைகுடா போதும். ஓத வேறுபாடு 16 மீட்டரைத் தொடும், உலகிலேயே பெரிய ஓதங்கள் ஏறும் இடம் அது. கோடையில் அங்கே வரும் சிறு உள்ளான்கள் சேற்றில் வளைதோண்டி வாழும் இறால் போன்ற சிற்றுயிர்களைத் தின்று எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டு, தென் அமெரிக்காவுக்கு இறங்காமல் பறக்கும். 17ஆம் நூற்றாண்டில் அக்காடியர் எனப்படும் பிரெஞ்சுக் குடியேறிகள் இங்கே புல்வேர் மண்பாளங்களால் அணைகட்டி உவர்நிலத்தை வயலாக்கினார்கள். மழைநீரை வெளியே விட்டு, கடல்நீர் வந்தால் தானே மூடிக்கொள்ளும் மரக்கதவு அவர்களது தொழில்நுட்பம். 1968இல் மங்க்டன் நகரருகே பெட்டிகோடியாக் ஆற்றின் குறுக்கே போட்ட அணைச்சாலையில் அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஓதம் மேலே போக வழியில்லாமல் வண்டலை அங்கேயே இறக்கியது. அகன்று ஓடிய ஆறு வேகவேகமாகத் தூர்ந்துபோனது. நெடுநாள் வழக்காடலுக்குப் பிறகு 2010இல் மதகுகளைத் திறந்தார்கள். ஆறு தன் பாதையை அகலமாக்கிக்கொள்ளத் தொடங்கியது.

ஃபண்டிக் கரை ஹட்சனைப் போல எழவில்லை, மெல்லத் தாழ்கிறது. கடல் உயர்கிறது. அணைகளை உயர்த்துவதா, விட்டுக்கொடுப்பதா என்ற கேள்விக்கு இரண்டு விடைகளும் நடைமுறையில் இருக்கின்றன. நோவா ஸ்கோஷியாவைக் கனடாவின் மற்றப் பகுதிகளோடு இணைக்கும் சிக்னெக்டோ நிலக்கழுத்தில், ரயில்பாதையையும் நெடுஞ்சாலையையும் காக்க அணைகளை உயர்த்தும் திட்டத்தின் மதிப்பீடு சுமார் 65 கோடி கனடிய டாலர். அதே வட்டாரத்தில் ஔலாக் என்ற இடத்தில் 2010இல் பழைய அணை ஒன்றை வேண்டுமென்றே உடைத்தார்கள். உள்ளே நுழைந்த ஓதம் சேற்றைக் குவித்தது. சில ஆண்டுகளில் உவர்ப்புல் பிடித்துக்கொண்டது. ஃபண்டியின் திடல்களில் அந்தப் புல்லின் வேர்க்கட்டைகளைப் பெயர்த்துச் சுமந்து, புதிய சேற்றில் கொண்டுபோய் நடுகிற வேலையிலும் குளிர்காலப் பனிக்கட்டிகளுக்குப் பங்கு உண்டு.